மெல்லிய கடதாசி

பட்டறையின் வான் வண்டியை விட்டு இறங்கியதும் ஜெயமலர் முதலில் செய்தது, வேலியோரம் தலை கவிழ்ந்து நின்ற செடியொன்றிலிருந்து ஒரு குச்சியை முறித்ததுதான். கண்ணாடிக் குழாய் உடைவதுபோல அது சத்தம் போட்டு முறிந்தது. உள்ளே இருந்த குச்சி தீக்குச்சிப் பருமன்கூட இல்லை. அதைச் சுற்றியிருந்த பனிக்கட்டிதான் கைப்பிடி அளவுக்குத் தடித்திருந்தது. கையுறையைக் கழற்றி, ஜக்கெற் பைக்குள் இருந்த வேர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தாள். முப்பத்தொரு மில்லிமீற்றர். நம்பாமல் இன்னொன்றை முறித்து அளந்தாள். இருபத்தொன்பது.

"பிள்ளை, வந்த அலுவலைப் பாப்பமே?" என்றார் வானை ஓட்டிவந்த சீமோன் அண்ணை. அவர் வானின் பின்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் வழுக்கி முற்றத்தின் அடிவரைக்கும் போய்விடுவார்.

ஐந்து நாளாக அங்கே உறைமழை பெய்திருந்தது. தண்ணீராக விழுந்து, பட்ட இடத்திலேயே கட்டியாகிப்போகிற மழை. ரொறன்ரோவில் அந்த வாரம் ஒரு சிறு தூறலோடு போய்விட்டது. கிழக்கே இரும்புக் கோபுரங்கள் மடிந்து கிடப்பதை ரீவியில் பார்த்துக்கொண்டுதான் அவர்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கில் எல்லோரும் சோறு சாப்பிட்டார்கள். கிங்ஸ்ரனைத் தாண்டி வடக்கே திரும்பி மேடேறத் தொடங்கியபோதுதான் ஜெயமலர் அதை நேரில் கண்டாள். மின்கம்பங்கள் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, முழங்காலளவில் முறிந்து கிடந்தன. ஏன் எல்லாம் ஒரே பக்கம் விழுந்தன என்று அவள் யோசித்தாள். ஒரு மீற்றர் கம்பியில் எவ்வளவு பனி ஏறும் என்று மனக்கணக்குப் போட்டாள். "சீமோன் அண்ணை, ரெண்டு போஸ்ற்றுக்கு நடுவிலை ஒவ்வொரு கம்பியிலையும் ரெண்டு ஆக்கள் தொங்கினமாதிரிப் பாரம். அஞ்சு நாளாய்" என்றாள். சீமோன் அண்ணை ஸ்ரியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நாலு மணித்தியாலப் பாதை. விடிய முதல் வெளிக்கிட்டவர்கள் வந்து சேரப் பதினொரு மணியாகிவிட்டது.

ஸ்காபரோவில் மோட்டர் திருத்துகிற பட்டறையொன்றில் ஜெயமலருக்கு ஆறு வருடமாக வேலை. எரிந்துபோன மோட்டர்களின் பழைய செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிப் போடுவாள். கணக்கில் நல்ல புள்ளி எடுத்தவள் என்றோ, விரல்கள் நீளம் என்றோ அந்த மேசையில் இருத்தினார்கள். அங்கேயே இருந்துவிட்டாள். வெளிவேலைக்குப் போகிறவர் பத்மநாதன். அவர் நாரிப்பிடிப்பில், முதுகை நிமிர்த்த முடியாமல், படுத்துவிட்டதால் பட்டறையை மேய்க்கிற போர்மன் திங்கட்கிழமைக்கு இவளை அனுப்பினார். "சின்னப் பிழையெண்டால் திருத்து. பெரிசெண்டால் ஏத்திக்கொண்டு வா" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை சீமோன் அண்ணை வழிநெடுகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஏற்றிக்கொண்டு போவதிலேயே அவருக்கு விருப்பம்.

அந்த ஊர் ஒரு மலைச்சரிவில் சிதறிக் கிடந்தது. பெரிய மலையில்லை, ஆனால் அங்கத்தைய ஆட்கள் அதை 'மவுன்ரன்' என்றுதான் சொன்னார்கள். பிறந்த ஊரில் பனையைவிட உயரமான எதையும் பார்த்திராத ஜெயமலருக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. சரிவில் ஐந்து பாற்பண்ணைகள். ஐந்துக்கும் சேர்த்து வாங்கிய ஒரே ஒரு ஜெனரேட்டர். அதற்குச் சொந்தமாக இயந்திரம் கிடையாது. ட்ராக்டரின் பின்தண்டில் மாட்டிவிட்டால் ட்ராக்டர் அதைச் சுழற்றும். உறைமழை தொடங்கிய நாளிலிருந்து அது பண்ணைக்கு இரண்டு மணித்தியாலம் என்று இரவு பகலாகச் சுற்றி வந்தது. சனிக்கிழமை பின்னேரம் பண்ணைக்காரி டொரீனின் தொழுவத்தில் புகைந்து நின்றுவிட்டது.

டொரீனுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டாம் நாள் அவளுடைய புருசன் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கிங்ஸ்ரன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முப்பத்தாறு மாடுகளையும் சனி இரவிலிருந்து அவள் கையால் கறந்துகொண்டிருந்தாள். வந்தவர்களுக்குக் கைகொடுக்க வந்தவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும், மடக்க முடியவில்லை என்றாள். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. பின்னாலிருந்த தொழுவத்திலிருந்து ஒரு சத்தம் விடாமல் வந்தது. மாடு கத்துவதை ஜெயமலர் கேட்டிருக்கிறாள், இது அப்படியில்லை. தொண்டையை விட்டு, மடியிலிருந்து வருவதுபோல இருந்தது.

ஜெனரேட்டர் கொட்டிலுக்குள் இருந்தது. சீமோன் அண்ணை ரோர்ச் பிடிக்க ஜெயமலர் நட்டுகளைக் கழற்றி மூடியை இழுத்தாள். எரிந்த வார்னிஷ் மணம் முகத்தில் அடித்தது. வளையமாகச் சுற்றியிருந்த செப்பின் ஒரு பக்கம் கருகிப்போய், மற்றப் பக்கம் புத்தம் புதிதாக மினுங்கியது. அவள் ரோர்ச்சை வாங்கிக் கிட்டே பிடித்தாள். கம்பிக்கட்டுகளை வரிந்திருந்த நூலின் முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் புரண்டிருந்தன.

பட்டறையில் இடக்கைக்காரி அவள் ஒருத்திதான்.

"என்ன பிள்ளை?"

"இது நான் சுத்தினது அண்ணை."

ஒக்ரோபர் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை. அது எந்த ஊர் ஜெனரேட்டர் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நம்பரோடு வந்து நம்பரோடு போகிற சாமான். இரும்பு வளையத்தின் உட்புறம் முப்பத்தாறு காடிகள், அந்தப் பள்ளங்களுக்குள்தான் கம்பி இறங்கும். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு தடித்த கடதாசி மடித்து வைக்கவேண்டும். முப்பது காடியோடு தடித்த கடதாசி முடிந்துவிட்டது. புதிது திங்கட்கிழமைதான் வரும். "மெல்லிசைப் போட்டு முடி, வருசத்தில ரெண்டு நாள் ஓடுற சாமான்" என்றார் போர்மன். ஜெயமலர் மறுத்துப் பேசவில்லை. ஆறு மணிக்கு முதல் மகள் அட்சயாவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டவேண்டும். பிந்தினால் அங்கே நிற்கிற அன்ரியின் முகத்தைப் பார்க்கேலாது. மெல்லிய கடதாசியைப் போட்டு, கடைசி ஆறு காடிகளையும் மூடி, இடக்கையால் முடிச்சுப் போட்டுவிட்டு ஓடினாள். பிறகு அதை நினைத்ததேயில்லை.

இப்போது முதல் காடியைக் காட்டுகிற அடையாளக் குழியிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். பத்து. இருபது. முப்பதுக்குப் பிறகு மெதுவாக எண்ணினாள். செப்பு உருகி இரும்போடு ஒட்டியிருந்த இடம் முப்பத்துமூன்றாவது காடி.

சீமோன் அண்ணை கொட்டில் வாசலைப் பார்த்துவிட்டு, இன்னும் தணிந்த குரலில் சொன்னார். இரண்டு பேரும் தமிழில் கதைப்பதை அவர் மறந்துவிட்டார்போல. "உதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். எரிஞ்சது எரிஞ்சதுதானே. ஏத்துவம். போர்மன் பாத்துக்கொள்ளட்டும். உமக்கேன் உந்தத் தலையிடி?"

"ஏத்தினால் மூண்டு நாள் போயிடும். மாடு அதுவரைக்கும் தாங்குமே?"

"அப்ப இஞ்சை வைச்சுச் சுத்தப் போறீரோ?"

"ஆறு காடிதானே அண்ணை. கம்பி இருக்கு. கடதாசியும் இருக்கு, தடிச்சது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் ஏன் எரிஞ்சதெண்டு அவைக்குத் தெரியவேணும். தெரியாட்டித் திரும்பவும் எரிப்பினம்" என்றாள்.

அப்படிச் சொன்னது முழு உண்மையா என்று அவளுக்கே சந்தேகமாயிருந்தது. ஏன் எரிந்தது என்பதை அறியவேண்டும் என்ற குறுகுறுப்பு அவளுக்குத்தான் அதிகம். கடதாசியால் எரிந்ததா, பாரத்தால் எரிந்ததா? பட்டறைக்குத் திரும்பி வருகிற எரிந்த மோட்டர்கள் ஒருநாளும் கதை சொல்வதில்லை. ஓட்டினவர்களைக் கேட்கிற சந்தர்ப்பம் இந்த ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

குசினியில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பச்சை எனாமல் பூசிய, நாலு பேர் தூக்கவேண்டிய பழைய அடுப்பு. டொரீன் கோப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். ஜெயமலர் நின்றபடியே, தனக்குத் தெரிந்த குட்டிக் குட்டி ஆங்கில வசனங்களில் சொன்னாள். ஒக்ரோபரில் இதைச் சுற்றியது நான். ஆறு இடத்தில் மெல்லிய கடதாசி போட்டேன். எரிந்தது அதில் ஒரு இடம்.

வெளியே எங்கோ மரமொன்று வெடிபோலச் சத்தம் போட்டு முறிந்தது. டொரீனின் தோள் ஒருமுறை குலுங்கியது. தன் மாமனார் நட்ட மேப்பிள் தோப்பு அது என்று அவள் பிறகு சொன்னாள். ஒரு மேப்பிள் மரத்தில் துளைபோட்டுச் சாறு எடுக்க நாற்பது வருடம் காத்திருக்கவேண்டுமாம். இப்போது அவள் அதைச் சொல்லவில்லை. ஜெயமலரை நிமிர்ந்து பார்த்தாள். அடுப்புக்குள் கட்டையொன்று சரிந்து விழுந்தது.

"சனிக்கிழமை" என்றாள் டொரீன். "மேல் பண்ணை லொயிட் தண்ணியில்லை என்று சொன்னான். என் கிணற்றில் இறைக்க அவனுடைய தண்ணீர்ப் பம்பையும் கொண்டுவந்து இதிலேயே கொழுவினோம், கறக்கிற மெஷினோடு சேர்த்து. பல்புகள் மஞ்சளாகிப் போயின. நான் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். இன்னும் எட்டு மாடுதானே என்று விட்டுவிட்டேன்."

"எவ்வளவு நேரம் மஞ்சளாய் இருந்தது?"

"இருபது நிமிசம். கூடவும் இருக்கலாம்."

ஜெயமலர் கதிரையை இழுத்து இருந்தாள். பம்பின் குதிரைவலு எவ்வளவு, ட்ராக்டர் என்ன வேகத்தில் ஓடியது, புகை முதலில் எந்தப் பக்கம் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டொரீன் ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்திச் சொன்னாள். கடைசியில் டொரீன் கேட்டாள்: "அப்படியென்றால் எது எரித்தது? உன் கடதாசியா, என் பம்பா?"

"தெரியாது" என்றாள் ஜெயமலர். "நல்ல கடதாசியென்றால் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் விட்டிருக்கலாம்."

டொரீன் தலையாட்டினாள். எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு, இங்கேயே செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

செய்யலாம், ஆனால் வார்னிஷ் இறுக நாலைந்து மணித்தியாலம் சூடு வேண்டும், பட்டறையில் அதற்கென்று பெரிய சூளை இருக்கிறது என்று ஜெயமலர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டொரீன் திரும்பி அந்தப் பச்சை அடுப்பைப் பார்த்தாள்.

அன்று முழுக்க வேலை நடந்தது. சீமோன் அண்ணை முணுமுணுத்துக்கொண்டே கருகின கம்பிகளை வெட்டி இழுத்தார். ஜெயமலர் பலகைத் துண்டொன்றை வெட்டி அச்சாக்கி, குசினி மேசையில் ஆணியடித்து, அதில் கம்பியைச் சுற்றினாள். ஒரு கட்டுக்கு இருபத்தேழு சுற்று. மாடுகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் டொரீன் வந்து, விரலால் பிடிக்க முடியாததால் முழங்கைகளுக்கு நடுவில் கம்பி உருளையைத் தாங்கிக் கொடுத்தாள். ஜெயமலர் வாய்விட்டு எண்ணுவாள். எண்ணுவதற்குத் தமிழைத் தவிர வேறு பாஷை அவளுக்கு வராது. நாலாவது கட்டு முடிகிறபோது டொரீன் முந்திக்கொண்டு "இர்பதேளு" என்றாள். சீமோன் அண்ணை அன்றைக்கு முதல்தரம் சிரித்தார்.

ரெலிபோன் வேலைசெய்தது. பின்னேரம் வீட்டுக்கு எடுத்தாள்.

"ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே மலர்" என்றான் புருசன் ஸ்ரீதரன். "போர்மன் ரெண்டுதரம் எடுத்திட்டார். என்ன நடக்குதெண்டு கேக்கிறார்."

"என்ன சொன்னனீங்கள்?"

"றோட்டுப் பூட்டெண்டு சொன்னன்."

"றோட்டுப் பூட்டில்லையப்பா. நான் சுத்தினதுதான் எரிஞ்சிருக்கு. அதை நானே திரும்பச் சுத்துறன்."

"அதை அவருக்குச் சொல்லப்போறீரோ?"

"தெரியேல்லை. கேட்டால் சொல்லுவன்." அவளுக்குத் தெரியும், போர்மன் கேட்கவே மாட்டார். கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்வதா, அந்த மெல்லிய கடதாசியைத் தூக்கி எறியுங்கோ என்று தானாகப் போய்ச் சொல்வதா என்பதை நெடுஞ்சாலையில் யோசிக்கலாம் என்று தள்ளிவைத்தாள்.

அட்சயா ரெலிபோனைப் பறித்தாள். "அம்மா, இஸ் இட் ஸ்கேரி தெயார்?"

"இல்லையம்மா" என்றாள் ஜெயமலர். யன்னலுக்கு வெளியே முழு மலையும் கண்ணாடியில் வார்த்ததுபோல நின்றது. சாய்ந்த வெயில் அதற்குள் புகுந்து ஒவ்வொரு கிளையிலும் நெருப்பேற்றியது. "சரியான வடிவாயிருக்கு." சொன்ன பிறகு, அடுத்த அறையில் டொரீன் இருக்கிறாளே என்று வெட்கப்பட்டாள். அவளுக்குத் தமிழ் விளங்காது என்பது உடனே நினைவுக்கு வரவில்லை.

கம்பி சுற்றிய வளையத்தை இரும்போடு சேர்த்துத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டது. அடுப்பில் நெருப்புக்குப் பக்கத்திலிருந்த சூட்டறைக்குள் வளையம் முக்கால்வாசிதான் போனது. டொரீன் யோசிக்கவேயில்லை, அடுப்புக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, கூரைத் தகரத் துண்டொன்றை வளைத்து வாசலை மூடி, செங்கல் அண்டக் கொடுத்தாள். பாண் வேகவைக்கிற வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டார்கள். இருநூற்றெழுபத்தைந்து ஃபரன்ஹைற். வீடு முழுக்க வார்னிஷ் நாறியது. சீமோன் அண்ணையும் டொரீனும் முறை வைத்து விறகு போட, ஜெயமலர் ஜக்கெற்றோடு கதிரையிலேயே தூங்கிவிட்டாள்.

காலையில் ட்ராக்டர் சத்தம் கேட்டு எழுந்தாள். மேலேயுள்ள கடைசிப் பண்ணைக்கார லொயிட் சங்கிலி பூட்டிய சில்லுகளோடு வந்து முற்றத்தில் நின்றார். உயரமான, தாடி நரைத்த மனிதர். அவருடைய இரண்டு மாடுகள் கறக்காமல் மடி வீங்கிக் காய்ச்சல் கண்டு செத்துப்போயின என்று டொரீன் சொன்னாள். அவர் உள்ளே வரவில்லை. ட்ராக்டரிலேயே இருந்தார்.

வளையம் ஆறியதும் ஜெயமலர் மின்காப்பைப் பரிசோதிக்கிற மீற்றரை முனைகளில் கொழுவிக் கைப்பிடியைச் சுற்றினாள். முள் ஏறியது. ஏறி, குறைந்தது எட்டவேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. இன்னொருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பூட்டி, ட்ராக்டரின் தண்டில் மாட்டினார்கள். டொரீன் தொழுவ வாசலில் நின்றாள். லொயிட் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினார். இருநூறு, இருநூற்றிருபது, இருநூற்று முப்பத்தெட்டு வோல்ற்.

சீமோன் அண்ணை ஸ்விச்சைத் தட்டினார். தொழுவத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பல்புகள் வெள்ளையாக எரிந்தன. பால் இழுக்கிற மெஷின் ஒருதரம் இருமிவிட்டு மூச்சுவிடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் முப்பத்தாறு மாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்துவதை நிறுத்தின. அவ்வளவு நேரமும் அந்தக் கத்தலோடு பழகிப்போயிருந்த ஜெயமலருக்குக் காது அடைத்ததுபோல இருந்தது. டொரீன் முதல் மாட்டின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஜெயமலர் ஜெனரேட்டரின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலமும் பக்கத்திலேயே இருந்தாள். இளஞ்சூடு. அதற்குமேல் ஏறவில்லை.

"சரி பிள்ளை, வெளிக்கிடுவமோ?" என்றார் சீமோன் அண்ணை.

"மேலை அந்த மனிசன்ரை தொழுவத்திலையும் ஒருக்கால் பாத்திட்டு வாறன் அண்ணை. பாரம் கூட அங்கை."

"நீர் அதோடை குடும்பம் நடத்தப்போறீர்போல" என்றார். ஆனால் வானைக் கிளப்பாமல் திறப்பைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார்.

ட்ராக்டர் இழுத்த வண்டியில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் மலை ஏறினாள். இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் நடுமுதுகில் பிளந்து, உள்மரம் மஞ்சளாகத் தெரிய நின்றன. பண்ணைக்கு வந்ததும், பம்பையும் மெஷினையும் சேர்த்துக் கொழுவ வேண்டாம், ஒன்று முடிந்து மற்றது என்று லொயிட்டுக்குச் சொன்னாள். அவர் அதற்குத் தலையாட்டினார். சனிக்கிழமை பற்றி அவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கடதாசியைப் பற்றிக் கேட்கவில்லை. டொரீன் அவருக்குச் சொன்னாளா என்பது தெரியாது.

கறப்பு முடிந்தபோது லொயிட் தொழுவத்தின் பின்னால் போய், அங்கிருந்த பெரிய எவர்சில்வர் தாங்கியின் அடியில் குழாயைத் திறந்தார். பால் மொத்தமாகக் கொட்டத் தொடங்கியது. ஜெயமலர் பதறி அவருக்குப் பின்னால் ஓடினாள்.

"ஏன் ஊத்துறீர்கள்?"

"பால் லொறி வரேலாது. தாங்கி நிரம்பிவிட்டது. நாளைக்குக் கறப்பதை எங்கே விடுவது?"

"அப்ப ஏன் இவ்வளவு பாடு?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "கறக்காவிட்டால் மாடு செத்துப்போகும்" என்றார். பிறகு அடுத்த வாளியை எடுக்க உள்ளே போய்விட்டார்.

பால், கொட்டிலின் வாய்க்காலால் இறங்கி, சரிவில் தடித்துக் கிடந்த பனிக்கட்டியின் ஒரு வெடிப்புக்குள் புகுந்தது. மேலே ஆவி மட்டும் நின்றது. எங்கே போனது என்று ஜெயமலர் குனிந்து பார்த்தாள். கண்ணாடிபோலிருந்த பனிக்கு அடியில், கருகின புல்லுக்கு மேலால், வெள்ளை மெல்ல மெல்ல விரிந்து போய்க்கொண்டிருந்தது. புல் நுனிகளைச் சுற்றிப் பிரிந்தது, திரும்பவும் ஒன்றாகியது. ஒரு கல்லில் முட்டித் தயங்கி, வேறொரு பக்கம் வழி கண்டுபிடித்தது. அவள் வேலிக்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சறுக்காமல் காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து, பனிக்கடியில் ஓடுகிற பாலோடு கூடவே சரிவில் இறங்கத் தொடங்கினாள்.